பெடல் உதறினால் காலை எடுக்காதீர்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். என் வயது 34, திண்டிவனத்தில் இருக்கிறேன். 2020ல் வாங்கிய சின்ன கார், ஏபிஎஸ் உள்ளது. 48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் ஒரு மாலை சென்னையிலிருந்து திரும்பும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. அச்சிறுபாக்கம் பக்கம் முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் போட்டது. நான் 70ல் இருந்தேன், இடைவெளி மூன்று கார் நீளம் இருக்கும். பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பெடல் காலை உதைத்துத் தள்ளுவது போல் படபடவென்று அடித்தது, கீழே கரகரவென்று சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்து மறுபடி மிதித்தேன். வண்டி லாரியின் பின்னால் போய் இடித்துவிட்டது. பம்பரும் இடது ஹெட்லைட்டும் போயின, யாருக்கும் அடி இல்லை. இடது பக்கம் ரோடு காலியாகத்தான் இருந்தது, திருப்பத் தோன்றவில்லை. அப்பா 20 வருடம் அம்பாசடர் டாக்சி ஓட்டியவர். "மழையில விட்டு விட்டு மிதிக்கணும்டா, ஒரேயடியா மிதிச்சா சறுக்கத்தான் செய்யும்" என்கிறார். எங்கள் ஊர் மெக்கானிக், "ஏபிஎஸ் இருந்தா வண்டி நிக்க ரொம்ப தூரம் போகும், பியூஸைப் பிடுங்கிடுங்க" என்கிறார். என் ஏபிஎஸ் கெட்டுவிட்டதா? யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் ஏபிஎஸ் கெட்டுப்போகவில்லை, தம்பி. ஓங்கி பிரேக் போடும்போது சக்கரம் சுற்றாமல் லாக் ஆகிவிடாதபடி பார்த்துக்கொள்ளும் அமைப்புதான் அது. பெடல் படபடத்ததும் கரகர சத்தம் வந்ததும்தான் அது நன்றாக இருப்பதற்கு அத்தாட்சி. நீங்கள் காலை எடுத்த அந்த அரை நொடியில் அது வேலையை நிறுத்திக்கொண்டது. பிரேக்கே போடாத காரில் அதற்கு என்ன வேலை? அப்பா சொல்வது அவர் ஓட்டிய வண்டிக்கு நூற்றுக்கு நூறு சரி. மெக்கானிக் சொல்வதில் கால்வாசி உண்மை இருக்கிறது, ஆனால் அவர் சொல்லும் வைத்தியம் ஆபத்தானது. இருபது வருடத்துக்கு மேலாக பிரேக்கோடும் வண்டி ஒயரிங்கோடும் பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடைவெளிக் கணக்கை முடித்துவிடுவோம். மணிக்கு 70 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 19 மீட்டருக்கு மேல். மூன்று கார் நீளம் என்பது 12 மீட்டர் வரும். லாரியின் பிரேக் லைட் எரிவதைக் கண் பார்த்து, மனசுக்கு உறைத்து, கால் ஆக்சிலரேட்டரை விட்டு பிரேக்குக்கு வருவதற்கு நல்ல டிரைவருக்கே ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். ஆக நீங்கள் பெடலைத் தொடும் முன்பே, விட்டிருந்த இடைவெளியைவிட அதிக தூரம் ஓடியாயிற்று. லாரியும் முன்னால் நகர்ந்துகொண்டே நின்றதால்தான் பம்பரோடு போயிற்று. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த ரோட்டில் நாலு கார் இடம் விட்டால் நடுவில் ஒருத்தர் வந்து நுழைந்துகொள்வார் என்று எனக்கும் தெரியும். ஆனால் 12 மீட்டரில் ஏபிஎஸ்ஸைப் பழி சொல்ல வழியில்லை. அன்றைக்கு உங்களுக்கு மிச்சமிருந்த ஒரே வழி இடது பக்கம் காலியாக இருந்த ரோடு. ஏபிஎஸ் படபடத்துக்கொண்டே உங்களுக்குத் திறந்து வைத்திருந்ததும் அந்த வழியைத்தான். அது எப்படி என்று சொல்கிறேன்.

கார் ஓடும்போது டயர் ரோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான். வண்டி 70ல் போனாலும், தொட்டுக்கொண்டிருக்கும் அந்தத் துண்டு ரப்பர் அந்தக் கணத்தில் ரோட்டின் மேல் நகர்வதில்லை. வைத்த பாதம் தரையில் நிற்க, அடுத்த பாதம் வந்து விழுகிற மாதிரி, ஒரு துண்டு எழும்ப அடுத்த துண்டு வந்து உட்காருகிறது. சக்கரம் சுற்றாமல் லாக் ஆகிவிட்டால் ஒரே துண்டு ரப்பர் ரோட்டில் தேய்ந்துகொண்டு இழுபடுகிறது. வீட்டில் பீரோ நகர்த்தியிருப்பீர்கள். அசைகிற வரைக்கும்தான் கஷ்டம். ஒருமுறை அசைந்துவிட்டால் அந்தளவு பலம் வேண்டியதில்லை. டயருக்கும் ரோட்டுக்கும் அதே கதைதான். ஒட்டி நிற்கும்போது இருக்கும் பிடி, இழுபடும்போது இருப்பதில்லை. தார் ஈரமாக இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும்.

டயர் ரப்பர் என்பதால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பிரேக் போடும்போது சக்கரம் வண்டியைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும். வண்டி 70ல் போக, சக்கரம் 60க்கு உரிய வேகத்தில் சுற்றும். இந்த 10 முதல் 20 சதவீதப் பின்தங்கலில்தான் பிடி உச்சத்தில் இருக்கிறது. அதைத் தாண்டினால் பிடி சரிய ஆரம்பிக்கும், சக்கரம் கண் மூடித் திறப்பதற்குள் லாக் ஆகிவிடும். நல்ல டிரைவர் அந்த விளிம்பில் சக்கரத்தை நிறுத்தி வைக்கப் பார்ப்பார். ஏபிஎஸ் செய்வதும் அதைத்தான்.

லாக் ஆன சக்கரத்துக்கு இன்னொரு கோளாறும் உண்டு, உங்கள் விஷயத்தில் முக்கியமானது அதுதான். சுற்றாத சக்கரத்துக்குத் திசை கிடையாது. முன் சக்கரம் உருண்டால்தான் ஸ்டியரிங் திருப்பிய பக்கம் வண்டியை இழுக்கும். உருளாமல் வழுக்கினால் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தாலும் வண்டி போன திசையிலேயே போகும். நாலு சக்கரமும் லாக் ஆன காரும் தண்ணீரில் தள்ளிவிட்ட பலகையும் ஒன்று.

இதைத் தடுக்க உங்கள் காரில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு சக்கரத்திலும் சுண்டு விரல் நுனி அளவில் ஒரு சென்சார் இருக்கிறது. பழைய வகையில் அதற்கு எதிரே பல் வெட்டிய இரும்பு வளையம் சுற்றும். இப்போதைய வண்டிகள் பலவற்றில் வீல் பேரிங்கின் ஓரத்து சீலிலேயே காந்தம் பதித்த வளையம் வந்துவிடுகிறது. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சென்சார் ஒரு துடிப்பை அனுப்பும். 165/80 ஆர்14 டயர் ஒரு சுற்றுக்கு 1.95 மீட்டர் போகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு எட்டரைச் சுற்று. வளையத்தில் 48 பல் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 410 துடிப்பு. நாலு சக்கரத்திலிருந்தும் இப்படி வந்துகொண்டே இருக்கிறது. கம்ப்யூட்டர் அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். நாலு சக்கரமும் சேர்ந்து வழுக்கினால் வண்டியின் உண்மையான வேகம் அதற்கு எப்படித் தெரியும்? பதில் எளிமையானது, எனக்கு இன்றைக்கும் பிடித்தமானது. எவ்வளவு நல்ல ரோடாக இருந்தாலும் சாதாரணக் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் குறைய முடியாது, டயரின் பிடி அவ்வளவுதான். ஒரு சக்கரம் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் 70லிருந்து 30க்கு இறங்கினால், இறங்கியது வண்டி அல்ல, சக்கரம் மட்டும்தான் என்று கணக்கே சொல்லிவிடும். கம்ப்யூட்டர் பெரும்பாலும் நீங்கள் வழுக்கிய பிறகு திருத்துவதில்லை. வழுக்கப்போகிறது என்று தெரிந்ததும் கை வைத்துவிடுகிறது.

கை வைக்கும் இடம் பானட்டுக்குக் கீழே இருக்கும் அலுமினியக் கட்டி ஒன்று. அடுத்த தடவை பானட்டைத் தூக்கும்போது பாருங்கள்: பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து இரண்டு பைப் அதற்குள் போகும், அதிலிருந்து நாலு பைப் நாலு சக்கரத்துக்குப் பிரியும். ஒரு பக்கம் உருண்டையாக மோட்டார், இன்னொரு பக்கம் பெரிய ஒயரிங் சாக்கெட்டோடு கம்ப்யூட்டர். உள்ளே சக்கரத்துக்கு இரண்டு வீதம் எட்டு வால்வு. ஒன்று பிரேக் ஆயிலை உள்ளே விடுவது. கரண்ட் இல்லாதபோது திறந்தே இருக்கும். மற்றது வெளியே விடுவது. கரண்ட் இல்லாதபோது மூடியே இருக்கும். இந்த ஏற்பாட்டை யோசித்தவரைப் பாராட்ட வேண்டும். ஏபிஎஸ் மொத்தமாகச் செத்தாலும் ஆயில் போகும் வழி திறந்திருப்பதால் உங்கள் காலுக்கு சாதாரண பிரேக் கிடைத்துவிடும்.

அன்றைக்கு என்ன நடந்தது? நீங்கள் ஓங்கி மிதித்ததும் நாலு சக்கரத்து பிரேக்குக்கும் பிரஷர் ஏறியது. ஏதோ ஒரு சக்கரம், பெரும்பாலும் ஈரத்தில் நின்ற முன் சக்கரம், லாக் ஆகப் போனது. உள்ளே விடும் வால்வு மூடிக்கொண்டது. இனி எவ்வளவு மிதித்தாலும் அந்தச் சக்கரத்துக்குக் கூடுதல் பிரஷர் போகாது. அப்படியும் சக்கரம் அடங்கவில்லை என்றால் வெளியே விடும் வால்வு திறந்து கொஞ்சம் ஆயிலை ஒரு சின்ன அறைக்குள் இறக்கும். பிரஷர் குறைந்து சக்கரம் மறுபடி சுற்றும். சுற்றியதும் பிரஷர் மறுபடி படிப்படியாக ஏறும். இது நொடிக்குப் பத்து, பதினைந்து தடவை வரை நடக்கும், சக்கரத்துக்குச் சக்கரம் தனியாக.

இறக்கிய ஆயில் எங்கே போகும்? அங்கேதான் உங்களைப் பயமுறுத்திய விஷயம் இருக்கிறது. மோட்டார் ஓடி, சின்ன பம்ப் அந்த ஆயிலை மாஸ்டர் சிலிண்டர் பக்கமே திருப்பித் தள்ளும். மறுமுனையில் உங்கள் கால் இருக்கிறது. அந்தத் தள்ளல்தான் உள்ளங்காலில் படபடவென்று அடித்தது. கரகர சத்தம் அந்த மோட்டாரும் வால்வுகளும் போட்டது. எதுவும் உடையவில்லை. இதை டெலிவரி கொடுக்கும்போது ஒருவரும் சொல்வதில்லை. சீட் கவர் இலவசம், மேட் இலவசம், புளூடூத்தில் போனை இணைத்துக் காட்ட அரை மணி நேரம். ஓங்கி மிதித்தால் பெடல் உதறும், பயந்து காலை எடுக்காதீர்கள் என்று சொல்ல அரை நிமிடம் இல்லை. உங்களைப் போல காலை எடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வண்டியைக் கொண்டுவந்து விட்டு, "பெடல்ல என்னமோ உடைஞ்சு கெடக்கு, கழட்டிப் பாருங்க" என்பார்கள்.

இப்போது அப்பா. அவருடைய அம்பாசடரில் நாலு பக்கமும் டிரம் பிரேக். அதில் விட்டு விட்டு மிதிப்பதற்கு இரண்டு காரணம் உண்டு. லைனர் தேய்ந்து அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருந்தால் முதல் மிதியில் பெடல் கீழே போய்விடும், இரண்டாவது மிதியில்தான் கெட்டியாகப் பிடிக்கும். அது ஒன்று. மழையில் சக்கரம் வழுக்குவதை உடம்பில் உணர்ந்து, காலைத் தளர்த்தி, உருளவிட்டு, மறுபடி மிதிப்பது இன்னொன்று. இரண்டாவது ஒரு கலை. இருபது வருடம் டாக்சி ஓட்டிய காலுக்கு அது வந்திருக்கும். உங்கள் காருக்குள் எட்டு வால்வு செய்வதை அவர் ஒரு காலால் செய்தார் என்று அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். ஆனால் அவருக்கு இருந்தது ஒரு பெடல், அது நாலு சக்கரத்துக்கும் பொது. வலது சக்கரம் நல்ல தாரிலும் இடது சக்கரம் தேங்கிய தண்ணீரிலும் இருந்தால், தண்ணீரில் இருப்பதற்காகக் காலைத் தளர்த்தும்போது தாரில் இருப்பதும் சேர்ந்து பிரேக்கை இழக்கும். உங்கள் காரில் அந்தக் கட்டாயம் இல்லை. ஏபிஎஸ் வண்டியில் விட்டு விட்டு மிதித்தால், ஒவ்வொரு தடவை விடும்போதும் கம்ப்யூட்டர் கஷ்டப்பட்டுப் பிடித்து வைத்த பிரஷரை நீங்களே கொட்டிவிடுகிறீர்கள். 70ல் அரை நொடி என்பது பத்து மீட்டர்.

இன்னொரு விஷயம். பதறும்போது மனிதர்கள் முழுசாக மிதிப்பதில்லை. சட்டென்று மிதிப்பார்கள், ஆனால் பாதி பலத்தில் நின்றுவிடுவார்கள். இதைக் கவனித்துத்தான் மெர்சிடிஸ் பென்ஸ் 1996ல் பிரேக் அசிஸ்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது: கால் இறங்கும் வேகத்தைப் பார்த்து, இது அவசரம் என்று புரிந்துகொண்டு, மிச்ச பலத்தைத் தானே கூட்டிக் கொடுக்கும். உங்கள் காரில் அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதை நம்ப வேண்டாம். அவசரத்தில் பெடலை அடிவரை மிதித்து, வண்டி நிற்கும் வரை அங்கேயே வைத்திருங்கள்.

ஏபிஎஸ் என்னவோ நேற்று வந்த பொருள் மாதிரிப் பேசுகிறார்கள். விமானம் ஈர ஓடுபாதையில் இறங்கும்போது சக்கரம் லாக் ஆகி டயர் வெடித்துக்கொண்டிருந்த காலத்தில், 1950களில் டன்லப் கம்பெனி மேக்ஸரெட் என்ற இயந்திரத்தைச் செய்தது. கம்ப்யூட்டரே இல்லாமல், சுழலும் சக்கரத்தை வைத்து வேலை செய்தது அது. 1966ல் இங்கிலாந்தின் ஜென்சன் எஃப்எஃப் காரில் அதையே போட்டார்கள். இன்றைக்கு நாம் சொல்லும் எலெக்ட்ரானிக் ஏபிஎஸ்ஸை பாஷ் கம்பெனி 1978ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காருக்குக் கொடுத்தது. 1980களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் டாக்சிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கம்பெனியின் டாக்சிகளில் பாதிக்கு ஏபிஎஸ், பாதிக்கு இல்லை. ஏபிஎஸ் வண்டிகள் குறைவாக இடித்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. பிரேக் நல்லது என்ற தைரியத்தில் டிரைவர்கள் இன்னும் ஒட்டி, இன்னும் வேகமாக ஓட்டியிருந்தார்கள். மேலே சொன்ன மூன்று கார் நீளத்தை இதோடு சேர்த்து ஒருமுறை யோசியுங்கள்.

மெக்கானிக் அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். ஏபிஎஸ் இருந்தால் நிற்கும் தூரம் கூடுமா? ஈரத் தாரில் குறையும், உங்களுக்கு நடந்தது அங்கேதான். காய்ந்த நல்ல தாரில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஜல்லி கொட்டிய ரோடு, மணல், லூஸ் மண், இங்கே மட்டும் அவர் சொல்வது உண்மை. லாக் ஆன சக்கரம் மண்ணை உழுது தனக்கு முன்னால் ஒரு மேடு கட்டிக்கொள்ளும், அந்த மேடே வண்டியை நிறுத்தும். ஏபிஎஸ் சக்கரத்தை உருளவிடுவதால் மேடு கட்ட முடியாது, கூடுதலாகக் கொஞ்ச தூரம் போகும். ஊருக்குள் ரோடு போட ஜல்லி கொட்டியிருக்கும் இடங்களில் அவருக்கு இந்த அனுபவம் இருந்திருக்கலாம். அங்கே மெதுவாகப் போவதுதான் மருந்து.

பியூஸைப் பிடுங்குவது மருந்தே அல்ல. காரணம் இதுதான். பிரேக் போடும்போது காரின் எடை முன்பக்கம் சாயும், பின் சக்கரத்துக்குப் பிடி குறையும். பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு முன்பே லாக் ஆனால் வண்டி பம்பரம் மாதிரி சுற்றிவிடும். அதனால் பின்பக்கம் போகும் பிரஷரை அளந்து விட வேண்டும். பழைய கார்களில் இதற்குத் தனி வால்வு ஒன்று இருந்தது. இப்போதைய கார்களில் பெரும்பாலும் அதை எடுத்துவிட்டார்கள். அந்த வேலையை இபிடி என்ற பெயரில் ஏபிஎஸ் யூனிட்டே பார்க்கிறது. நீங்கள் பியூஸைப் பிடுங்கினால் போவது ஏபிஎஸ் மட்டுமல்ல, இபிடியும்தான். அம்பாசடரைவிட மோசமான பிரேக் உள்ள வண்டியை ஈர ரோட்டில் ஓட்டுவீர்கள். 2019 ஏப்ரலிலிருந்து இங்கே விற்கும் புதுக் கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். உங்கள் வண்டியின் பிரேக் அமைப்பே அது இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டியதுதான்.

மீட்டரில் இதற்கான விளக்குகளைக் கவனிக்கப் பழகுங்கள். சாவி போட்டதும் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பையோ ஒயரையோ கழற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்; செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். ஓடும்போது மஞ்சள் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கிறது, ஏபிஎஸ் இல்லை. பதறாமல் ஓட்டி வந்து காட்டலாம். மஞ்சளோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓரம் கட்டுங்கள். ஆயில் குறைந்திருக்கலாம், இபிடியும் போயிருக்கலாம். காலையில் முதன்முதலாக நகரும்போது பானட்டுக்குள் "டொக்" என்று ஒரு சின்ன சத்தம் வந்தால் அது கம்ப்யூட்டர் பம்பைத் தொட்டுப் பார்க்கும் சத்தம், ரிப்பேர் அல்ல.

மஞ்சள் விளக்கு எரிந்தவுடன் யூனிட்டையே மாற்றச் சொல்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. அந்த யூனிட் விலை அதிகம், கெடுவது குறைவு. நான் பார்த்தவரை பெரும்பாலும் சென்சார், அதன் ஒயர், அல்லது வளையத்தில்தான் கோளாறு. என் வெட்கக் கதை ஒன்றைச் சொல்கிறேன். காந்த வளையம் வைத்த பேரிங் புதிதாக வந்த சமயம். ஒரு காரில் சத்தம் போட்ட முன் வீல் பேரிங்கை நானே மாற்றினேன். பிரஸ்ஸில் வைத்து அழகாக அடித்து இறக்கினேன். வண்டி வெளியே போய் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது, ஏபிஎஸ் விளக்கு எரிகிறது என்று. சென்சாரை மாற்றினேன், ஒயரைத் தேடினேன், பாதி நாள் போயிற்று. ஸ்கேனரில் மூன்று சக்கரம் 20 கிலோமீட்டர் காட்ட, நான் கை வைத்த சக்கரம் மட்டும் பூஜ்யத்தில் நின்றது. கடைசியில் தெரிந்தது, பேரிங்கைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். காந்தம் உள்ள பக்கம் சென்சாருக்கு எதிரே வராமல் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பார்வைக்கு இரண்டு சீலும் ஒரே மாதிரி இருக்கும். சின்ன ஆணியைக் கிட்டே கொண்டு போனால் காந்தப் பக்கம் மட்டும் லேசாக இழுக்கும். அந்த ஆணி இன்றைக்கும் என் டூல் பாக்ஸில் இருக்கிறது. புது பேரிங்கை என் செலவில் போட்டுக் கொடுத்தேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியதில் முதல் வேலை, அந்தப் படபடப்பைப் பயமில்லாமல் ஒருமுறை அனுபவிப்பது. மழை பெய்து ஓய்ந்ததும் ஆள் நடமாட்டம் இல்லாத தார் போட்ட காலி இடம் ஒன்றைப் பிடியுங்கள். பின் சீட்டில் உருளும் தண்ணீர் கேன், டூல் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். பெல்ட் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, 40ல் போங்கள். கிளட்சையும் பிரேக்கையும் ஒன்றாக அடிவரை மிதித்து அப்படியே வைத்திருங்கள். பெடல் உதறும், உதறட்டும். வண்டி நிற்கும் வரை காலை எடுக்கக் கூடாது. இரண்டு, மூன்று தடவை செய்தால் கால் பழகிவிடும். அப்புறம் ஒரு காலி அட்டைப் பெட்டியை நடுவில் வைத்து, அதே மாதிரி மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பி அதைச் சுற்றிப் போய் நில்லுங்கள். முழு பிரேக்கில் கார் திரும்புவதை முதல் தடவை உணரும்போது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பெட்டியைச் சுற்றும்போது ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்க வேண்டாம். டயரிடம் இருப்பது ஒரே பிடிதான், பிரேக் போடவும் வண்டியைத் திருப்பவும் அதையே பங்கு போட வேண்டும். ரோட்டோர மணலில் இரண்டு சக்கரம் இறங்கினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பது தெரியும், கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டயரில் தேய்மானம் காட்டும் மேடு 1.6 மில்லிமீட்டரில் இருக்கும். சட்டப்படி அதுவரை ஓட்டலாம், ஆனால் மழைக்காலத்தில் நான் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவேன். பள்ளம் இல்லாத டயர் தேங்கிய தண்ணீரின் மேல் ஏறி மிதக்க ஆரம்பித்தால் ஏபிஎஸ்ஸுக்குப் பிடிக்க ரோடே கிடைக்காது. நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழைதான் எல்லாவற்றையும்விட மோசம், ரோட்டில் படிந்த ஆயிலும் தூசியும் குழைந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். உங்கள் வண்டி வாங்கியதிலிருந்து ஒருமுறையாவது மாற்றினார்களா என்று பில்லைப் பாருங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியதும் அது 155 வரை இறங்கிவிடலாம். ஈரம் ஏபிஎஸ் வால்வுகளையும் துருப்பிடிக்க வைக்கும்.

பம்பர் வேலைக்கு வண்டி இன்னும் உள்ளே போகவில்லை என்றால் ஒன்று சொல்லி அனுப்புங்கள். இடது ஹெட்லைட் போயிருக்கிறது என்றால் அந்தப் பக்க வீல் ஆர்ச் பிளாஸ்டிக்கும் நெளிந்திருக்கும். முன் இடது சென்சார் ஒயர் அதற்குப் பின்னால்தான் கிளிப்பில் ஓடுகிறது. கிளிப் உடைந்து ஒயர் தொங்கினால் இப்போது விளக்கு எரியாது. ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பும்போதெல்லாம் டயரில் உரசி, ஆறு மாதம் கழித்து அறுந்துபோகும். பிளாஸ்டிக்கைக் கழற்றும்போதே ஒயரைப் பார்த்து, புது கிளிப் போட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி உரசுகிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள்.